கட்சி துறந்த ஆச்சார்யா

தென்காசிக்கு வடகிழக்கே, குளங்களும் வயல்களும் மானாவாரி நிலங்களும் மாறிமாறி வரும் பூமியின் நடுவே அமைந்திருக்கும் சுரண்டை, பாளையக்காரர் காலத்தில் ஒரு பாளையமாகவும், பின்னர் ஜமீனாகவும் இருந்து, இன்று சுற்றுப்புறத்துக் காய்கறியும் தானியமும் கைமாறும் வியாபார ஸ்தலமாக விளங்குகின்ற ஊர். தேச சரித்திர நூல்களில் அதன் பெயர் அதிகம் அடிபடுவதில்லை. ஆயினும் அவ்வூரை நடுவாக வைத்துச் சுற்றிலும் நோக்குவோமாயின், மேற்கே இளைஞர்கள் காளியின் முன் சபதம் செய்த தென்காசியும், அதற்கப்பால் வாஞ்சிநாதன் பிறந்த செங்கோட்டையும், தெற்கே 1918 முதல் 1920 வரை பாரதியார் வாழ்ந்த கடையமும், கிழக்கே ஆஷ் துரை சுடப்பட்ட மணியாச்சியும், இன்னும் கிழக்கே போனால் கோரல் மில் தொழிலாளர் ஆலையைத் துறந்து வீதிக்கு வந்த தூத்துக்குடியும், தென்கோடிக் கடற்கரையில் அணு உலைக்கு எதிராக மீனவர் பந்தலிட்டு அமர்ந்த இடிந்தகரையும் ஆக, அரசை எதிர்த்து நின்றவர்களின் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணில் படும். இவ்வூர்களையெல்லாம் இணைக்கும் கேள்வி ஒன்று உண்டு. இயக்கத்தில் வளர்ந்தவர்கள், மக்களின் வலிமையை நேரில் கண்டவர்கள், தங்கள் லட்சியம் கைகூடும் பொருட்டுக் கட்சி அரசியலில் பிரவேசிக்கலாமா, பிரவேசித்தால் அவர்களுக்கும் லட்சியத்துக்கும் என்ன நேர்கிறது என்பதே அது.

2014ஆம் ஆண்டில் இக்கேள்வி நம் கண்ணெதிரே மீண்டும் எழுந்தது. 2011 ஆகஸ்ட் முதல் இடிந்தகரையில் நடந்த போராட்டத்தின் முன்னணியில் நின்ற சுப. உதயகுமாரும் மை. பா. சேசுராசனும் புஷ்பராயனும் ஆம் ஆத்மி கட்சியில் சேர்ந்து, நாடாளுமன்றத் தேர்தலில் தென்மாவட்டத் தொகுதிகளில் நின்று தோற்றனர். அந்தச் சமயத்தில் அவர்களைக் கடிந்தவர்களும், வேறு வழி என்ன இருக்கிறது என்று ஆதரித்தவர்களும் அறிந்திராத தமிழர் ஒருவர், ஏறக்குறைய நூறாண்டுக்கு முன்பே இதே கேள்வியைத் தம் வாழ்க்கை முழுவதையும் செலவிட்டு ஆராய்ந்து, கட்சி வேண்டாம் என்னும் முடிவுக்கு வந்து, அம்முடிவின் காரணமாகவே மறக்கப்பட்டும் போனார். சென்னையில் 1887ஆம் ஆண்டு பிறந்த மண்டயம் பார்த்தசாரதி திருமலாச்சாரி, உலக அராஜகவாதிகளால் எம். பி. டி. ஆச்சார்யா என்று அறியப்பட்டவர், அவர். அவருடைய கதை தென்பாண்டிச் சீமையிலே பிறந்ததன்று. ஆனால் அதன் வேரை இந்தச் சீமையில்தான் தேடவேண்டும் என்பது என் துணிபு.

1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடிக் கோரல் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் பேசிய பேச்சுகளை எல்லாரும் அறிவர். நான் இங்கே வற்புறுத்த விரும்புவது அப்பேச்சுகளைக் கேட்டவர்கள் செய்த காரியங்களை. வேலைநிறுத்தத்தை இகழ்ந்தவர்க்கும் வெள்ளையர்க்குத் துணை போனவர்க்கும் நாவிதர் சவரம் செய்ய மறுத்தனர். ஊரார் வேலையிழந்த குடும்பங்களுக்கு உணவுக்கு வழி செய்தனர். சில நாட்களுக்குள் ஆலை நிர்வாகம் இறங்கிவந்து கூலி உயர்வுக்கும் வார விடுமுறைக்கும் சம்மதித்தது. மார்ச் 12ஆம் நாள் தலைவர்கள் கைதானபோது, மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். தூத்துக்குடித் தொழிலாளர் இம்முறை கூலிக்காக அன்றித் தங்கள் தலைவர்களுக்காக வேலையை நிறுத்தினர். எவரும் எவருக்கும் உறுப்பினர் சீட்டு வழங்கவில்லை. எந்தச் செயற்குழுவும் தீர்மானம் நிறைவேற்றவில்லை. ஆலைத் தொழிலாளியும் நாவிதரும் கடைக்காரரும் தாங்கள் அன்றாடம் செய்யும் தொழிலை நிறுத்துவதன் மூலமே அரசையும் முதலாளியையும் ஒருங்கே திகைக்க வைத்த அந்த நாட்கள், தமிழ்நாட்டின் அரசியல் சரித்திரத்தில் எனக்கு மிகவும் அருமையான நாட்கள்.

அதன்பின் நடந்தது அடக்குமுறை. வ. உ. சி.க்கு நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டபோதிலும், இயக்கத்தின் முதுகெலும்பு முறிந்தது. அவருக்கும் சிவாவுக்கும் எதிராகப் பயன்பட்டது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவு. 1870இல் சேர்க்கப்பட்ட இப்பிரிவு இக்கட்டுரையில் மீண்டும் மீண்டும் வரப்போகிறது ஆதலால், வாசகர் அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அந்த 1908ஆம் ஆண்டிலேயே சென்னையில் 'இந்தியா' பத்திரிகையின்மீதும் அரசின் கை விழுந்தது. பதிவேட்டில் ஆசிரியராக இருந்த சீனிவாசன் சிறைப்பட்டார். பாரதியார் புதுச்சேரி சேர்ந்தார். பத்திரிகையும் பிரெஞ்சு ஆட்சியின் நிழலுக்கு இடம் பெயர்ந்தது. அப்பத்திரிகையை நடத்திய மண்டயம் குடும்பத்தைச் சேர்ந்தவரே நம் ஆச்சார்யா. இருபத்தொரு வயதில், பத்திரிகை வேலையில் பழகிய கையோடு, அவர் 1908 இறுதியில் கப்பலேறி ஐரோப்பா சென்றார்.

திறந்த வெளியில் கூடும் உரிமை பறிக்கப்பட்டபோது, இளைஞர் மூடிய அறைகளுக்குள் புகுந்தனர். நீலகண்ட பிரம்மச்சாரி புதுச்சேரியிலிருந்து புறப்பட்டுத் திருநெல்வேலிச் சீமையெங்கும் சுற்றி, பாரத மாதா சங்கம் என்னும் ரகசிய ஸ்தாபனத்துக்கு ஆள் சேர்த்தார். தென்காசியிலே மடத்துக்கடை சிதம்பரம் பிள்ளை, செங்கோட்டையிலே சாவடி அருணாசலம் பிள்ளை முதலியோர் அதில் சேர்ந்தனர். 1910இல் தென்காசியில் நடந்த கூட்டத்தைப் பற்றி அப்ரூவர் ஒருவர் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியம் சொன்னார். காளியின் படத்துக்கு முன் குங்குமம் கரைத்த நீரை அங்கிருந்தோர் பருகியதையும், விரலைக் கீறி உறுதிமொழித் தாளில் இரத்த அடையாளம் வைத்ததையும் அச்சாட்சியத்திலிருந்து அறிகிறோம். தென்காசி ஆங்கிலேயர் ஆட்சியிலும், சிறு தொலைவிலுள்ள செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும் இருந்தமையால், ஒரு போலீசின் எல்லையிலிருந்து மற்றொரு போலீசின் எல்லைக்கு நழுவுவது எளிதாயிருந்தது. புனலூரில் வனத்துறை ஊழியராக இருந்த வாஞ்சிநாதன் 1911 ஜனவரியில் விடுப்பெடுத்துப் புதுச்சேரி சென்று, லண்டனிலிருந்து தப்பி வந்திருந்த வ. வே. சு. ஐயரிடம் துப்பாக்கிப் பயிற்சி பெற்றார். ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி ரயில் சந்திப்பில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தம்மையும் சுட்டுக்கொண்டார்.

அந்த இளைஞரின் தியாகத்தை எடைபோட எனக்கு அருகதையில்லை. ஆனால் அந்த ஸ்தாபனத்தின் அமைப்பைப் பற்றிச் சொல்லவேண்டியது உண்டு. தூத்துக்குடி வேலைநிறுத்தத்தில் எல்லாரும் எல்லாவற்றையும் அறிந்திருந்தனர். தென்காசிச் சபதத்திலோ மேலிருப்பவர் சிலர் அறிவர், கீழிருப்பவர் கட்டளைக்குப் பணிவர். ஊரார் அறியாமலே ஊருக்காகச் சாவதென்று சிலர் தீர்மானித்தனர். ஆகையினாலேதான், அப்ரூவர் இருவர் வாய் திறந்தவுடன் அந்தக் கட்டுக்கோப்பு முழுவதும் குலைந்தது. தர்மராஜ ஐயரும் வெங்கடேசுவர ஐயரும் பிடிபடுமுன் உயிர் துறந்தனர். திருநெல்வேலிச் சதி வழக்கு என்று பெயர்பெற்ற வழக்கில் பதினால்வர் கூண்டேறினர். 1912 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றத்து விசேஷ அமர்வு ஒன்பதுபேரைத் தண்டித்தது. நீலகண்டருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் கிடைத்தது. தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை அடக்க அரசுக்குத் துப்பாக்கி வேண்டியிருந்தது. ரகசியச் சங்கத்தை அடக்க அப்ரூவர் இருவரே போதுமாயிருந்தனர்.

இச்சமயம் ஆச்சார்யா ஐரோப்பாவில் அலைந்துகொண்டிருந்தார். லண்டன் இந்தியா விடுதியில் வ. வே. சு. ஐயரோடும் சாவர்க்கரோடும் பழகினார். 1909இல் ஸ்பானியரை எதிர்த்துப் போரிடும் மூர்களோடு சேர்ந்து யுத்தம் பயில்வதற்காக ஒரு நண்பருடன் மொராக்கோ நோக்கிச் சென்று காரியம் கைகூடாமல் திரும்பினார். பாரிஸ், பெர்லின், கான்ஸ்டான்டினோபிள், நியூயார்க் என்று சுற்றினார். முதல் உலகப் போரில் பெர்லின் இந்தியக் குழுவில் இருந்தார். 1917இல் ஸ்டாக்ஹோமில் வீரேந்திரநாத் சட்டோபாத்யாயாவோடு இயங்கினார். 1919இல் ராஜா மகேந்திர பிரதாப், மௌலவி பரகதுல்லா முதலியோருடன் மாஸ்கோவில் லெனினைச் சந்தித்தார். ஒரு மனிதனின் பன்னிரண்டு ஆண்டுகளைச் சில வாக்கியங்களில் கடந்துபோவது நியாயமன்று. ஆனால் நமக்கு வேண்டியது அதற்குப் பின் வருவதே.

1920 அக்டோபர் 17ஆம் நாள், மத்திய ஆசியாவில் தாஷ்கண்ட் நகரத்தில் எழுவர் கூடி இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியை ஸ்தாபித்தனர். எம். என். ராய், அவருடைய மனைவி எவலின், அபனி முகர்ஜி, அவருடைய மனைவி ரோசா, முகமது அலி, முகமது ஷபீக், ஆச்சார்யா என்பவரே அவ்வெழுவர். ஷபீக் காரியதரிசி, தலைமை ஸ்தானம் ஆச்சார்யாவுக்கு. முப்பது கோடி மக்களைக் கொண்ட ஒரு தேசத்தின் பாட்டாளிகளுக்காக, அத்தேசத்துக்கு வெளியே, அத்தேசத்துப் பாட்டாளி ஒருவரையும் கேளாமல் அக்கட்சி தோன்றியது. ஆச்சார்யாவுக்கு இது விரைவிலேயே உறுத்தலாயிற்று. அப்துர் ராப் முதலியோர் நடத்திய இந்தியப் புரட்சிச் சங்கத்தாரோடு ராய்க்கு நேர்ந்த பிணக்கில் அவர் ராய்க்கு எதிர்ப்புறம் நின்றார். 1921 ஜனவரியில், தலைவராக அமர்ந்து நான்கு மாதம் நிறையுமுன், தலைமையிலிருந்தும் கட்சியிலிருந்தும் நீக்கப்பட்டார்.

தனிப்பட்டோரின் பூசல் என்று இதைத் தள்ளிவிடலாம். சில சரித்திராசிரியர் அவ்வாறே செய்துள்ளனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ரஷ்யாவிலேயே அப்போது அந்தப் பெரிய கேள்வி தீர்க்கப்பட்டுக்கொண்டிருந்தது. பிப்ரவரியில் மூத்த அராஜகவாதி குரோப்போட்கின் காலமானார். அவருடைய இறுதி ஊர்வலமே மாஸ்கோ வீதிகளில் அராஜகவாதிகள் பகிரங்கமாகத் திரண்ட கடைசிப் பெரும் நிகழ்ச்சி. மார்ச்சில், புரட்சியை முன்நின்று நடத்திய கிரான்ஸ்டட் மாலுமிகள், சோவியத்துகளைக் கட்சியின் பிடியிலிருந்து விடுவிக்கக் கோரியதற்காக, புரட்சிக் கட்சியின் ராணுவத்தாலேயே நசுக்கப்பட்டனர். தொழிலாளர் தாமே அமைத்த சபைகள் முதலில் வந்தன. அச்சபைகளின் பெயரால் கட்சி ஆட்சிக்கு வந்தது. பின்பு அச்சபைகள் கட்சிக்கு அடங்கின. தொழிலாளரின் சக்தி கட்சியின் சக்தியாக மாறிவிட்ட அந்தக் கிரமத்தை, புத்தகத்தில் படித்தல்லாமல், உள்ளிருந்து பார்த்தவர் ஆச்சார்யா. அங்கே அவர் மணந்துகொண்ட மாக்தா நாக்மன் ஓர் ஓவியர். கவிஞர் மரீனா த்ஸ்வெதாயேவாவின் உருவத்தை 1913இலேயே தைலவர்ணத்தில் தீட்டியவர். இருவரும் 1922 இறுதியில் பெர்லின் சேர்ந்தனர்.

அவ்வாண்டு டிசம்பரில் அங்கே கட்சிகளைச் சாராத தொழிற்சங்கங்களின் சர்வதேச ஸ்தாபனம் உருவாயிற்று. ருடால்ப் ராக்கர், அலெக்ஸாண்டர் பெர்க்மன் முதலியோருடைய நட்பு ஆச்சார்யாவுக்குக் கிடைத்தது. அரசு வேண்டாம், ஆள்வோரும் வேண்டாம், உழைப்போர் ஊர்தோறும் தொழில்தோறும் கூடித் தங்கள் காரியத்தைத் தாங்களே நடத்திக்கொள்வர், அவர்களுடைய ஆயுதம் வேலைநிறுத்தமும் ஒத்துழையாமையுமே என்பது அவர்களுடைய கொள்கை. ஆச்சார்யா இதை ஏற்று, அதன்பின் சாகும்வரை மாறவில்லை. அக்கொள்கையில் அவர் கண்டது ஓர் ஐரோப்பியப் புதுமை என்று சொல்வோர் உண்டு. அவர் தாயகத்தை விட்டுப் புறப்பட்ட அதே ஆண்டில் தூத்துக்குடியில் நாவிதரும் ஆலைத் தொழிலாளரும் செய்து காட்டியது அதுவன்றி வேறென்ன? சபதம் செய்த சங்கங்களின் வழியே சென்று, கட்சியின் தலைமைப் பீடத்தில் அமர்ந்து, அங்கிருந்து தள்ளப்பட்டு, அவர் வந்து சேர்ந்த இடம் 1908இன் தூத்துக்குடி. இதை அவரே உணர்ந்தாரோ இல்லையோ, அவர் சரித்திரத்தைப் படிக்கும் தமிழர் உணரக் கடமைப்பட்டவர்கள்.

பத்திரிகைகளில் அவர் முப்பது ஆண்டுகள் எழுதிவந்த கருத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான்: வெள்ளையர் போய் நம்மவர் அமர்ந்தாலும், போலீசும் சிறையும் வரிவசூலும் ராணுவமும் கொண்ட யந்திரம் அப்படியே இருக்குமானால், அதன்மேல் ஏறியவர் அதை ஓட்டியே தீரவேண்டும், அது ஓடுவதற்கு மக்கள் கீழ்ப்படிந்தே தீரவேண்டும். ரஷ்யாவில் நடந்ததை அவர் அரசு முதலாளித்துவம் என்று அழைத்தார். காந்தியடிகளின் அகிம்சையில், ஆயுதமும் அதிகாரமும் இல்லாத சாதாரண ஜனங்களின் போர்முறையைக் கண்டு அதைப் பாராட்டினார். 1935இல் பம்பாய் திரும்பியபின், அங்கும் கட்சி எதிலும் சேராமல், ரஞ்சோட்தாஸ் லோட்வாலா நடத்திய சிறு நிறுவனத்தோடு சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் திரும்பிய இரண்டாம் ஆண்டிலேயே அவருடைய வாதத்துக்குச் சென்னை மாகாணத்தில் ஒரு நிரூபணம் கிடைத்தது. 1937 ஜூலையில் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை அமைந்தது. சிறை சென்று மீண்ட தேசபக்தர்கள் மந்திரிகளாயினர். அவ்வாண்டு அக்டோபரிலேயே, காங்கிரசுக்குள்ளிருந்த சோஷலிஸ்டு பாட்லிவாலா என்பவர் சென்னை மாகாணத்தில் பேசிய பேச்சுக்காகக் கைதானார். அவர்மீது சாட்டப்பட்டது வ. உ. சி.யைச் சிறைக்கு அனுப்பிய அதே 124ஏ. வ. உ. சி. காலமாகி அப்போது ஓராண்டுகூட நிறைந்திருக்கவில்லை. ராஜாஜி நேர்மையற்றவர் என்று எவரும் சொல்லமுடியாது. மந்திரி என்ற முறையில் ஒழுங்கைக் காப்பது தம் தர்மம் என்று அவர் மனமார நம்பினார். இயக்கத்தார் பதவிக்குப் போனபின் கெட்டுப்போகிறார்கள் என்ற வழக்கமான குற்றச்சாட்டு ஆழமற்றது என்று நான் எண்ணுவதற்குக் காரணம் இதுவே. அவர்கள் கெடவேண்டுவதில்லை, தங்கள் புதிய கடமையை நாணயத்தோடு செய்தாலே போதும், பழைய தோழர் சிறைக்குப் போவார்.

பிற்காலத்து உதாரணங்களை நீட்டிக்கொண்டு போகலாம். இரண்டை மட்டும் சொல்கிறேன். திராவிடர் கழகத்திலிருந்து 1949இல் பிரிந்த திராவிட முன்னேற்றக் கழகம், தேர்தலில் நிற்பதென்று 1956இல் திருச்சி மாநாட்டில் முடிவு செய்து, மறு ஆண்டு பதினைந்து சட்டமன்ற ஸ்தானங்களைப் பெற்றது. 1963இல், தேர்தலில் நிற்போர் இந்திய ஒருமைப்பாட்டுக்குப் பிரமாணம் எடுக்கவேண்டும் என்ற பதினாறாவது திருத்தம் வந்தபோது, தன் ஆரம்பகால லட்சியமாகிய திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. தேர்தல் வேண்டாம் என்று வெளியே நின்ற பெரியாரோ, வேறு வேறு காலங்களில் வேறு வேறு கட்சிகளை ஆதரித்தபோதிலும், எந்தப் பிரமாணத்தாலும் கட்டுண்ணாமல் இறுதிவரை தம் மனத்தில் பட்டதைப் பேசினார். மற்றொன்று, சுதந்திரத்துக்குப் பின் இதே மாவட்டத்தில் நடந்த நெல்லைச் சதி வழக்கு. 1911இல் தேசபக்தர்மீது வந்த வழக்கின் பெயரே இப்போது கம்யூனிஸ்டுகள்மீது வந்தது; அதில் தண்டனை பெற்றவருள் ஒருவரான பாலதண்டாயுதம் பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரானார். சதிகாரர் என்று சிறையிலடைத்த அரசின் சபையிலேயே அவர் அமர்ந்து வாதாடினார். அவர் பேசியதில் பயனில்லை என்று நான் சொல்லவரவில்லை.

இங்கே ராயின் கதையை முடித்துவிடவேண்டும். ஆச்சார்யாவை நீக்கிய எம். என். ராயை, 1929இல் கம்யூனிஸ்ட் அகிலம் நீக்கியது. பின்னர் ராய் தாமே ஒரு கட்சியைத் தோற்றுவித்து, 1948 டிசம்பரில், கட்சி என்னும் உருவமே ஜனநாயகத்துக்கு இடையூறு என்று கண்டு, அதைக் கலைத்துவிட்டார். அதே ஆண்டு ஜனவரி 29ஆம் நாள், தாம் சுடப்படுவதற்கு முந்திய தினம், காந்தியடிகள் காங்கிரசைக் கலைத்து லோக சேவக சங்கமாக மாற்றவேண்டும் என்று எழுதிவைத்தார். 1954 ஜனவரி 25இல் ராய் காலமானார். மார்ச் 20ஆம் நாள், மனைவியை மூன்றாண்டுக்கு முன்பே இழந்து, வறுமையும் நோயும் வாட்ட, பம்பாயில் ஆச்சார்யா காலமானார். ஏப்ரலில் புத்தகயையில் ஜெயப்பிரகாஷ் நாராயண் கட்சி அரசியலைத் துறந்து பூதானத்துக்குத் தம் வாழ்வை அர்ப்பணித்தார். பகைமை கொண்டும் ஒருவரையொருவர் அறியாமலும் வெவ்வேறு பாதைகளில் நடந்தவர்கள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்ததை நான் தற்செயலாகக் கொள்ளவில்லை. ஜெயப்பிரகாஷர் இருபதாண்டுக்குப் பின் மீண்டும் களமிறங்கி, 1977இல் கட்சிகளை ஒன்றாக்கி ஆட்சியை மாற்றியதையும், அவ்வாட்சி மூன்றாண்டும் நிலையாததையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஆயினும் ஆச்சார்யாவிடம் எனக்கு ஒரு பெருங்குறை உண்டு. ஊர் தன் காரியத்தைத் தானே நடத்திக்கொள்ளும் என்றால், எந்த ஊர்? எங்கள் பக்கத்தில் அரசைக் கேளாமல் மக்கள் நடத்திய காரியங்கள் உண்டு. குளத்தைத் தூர்வாரிக் கரையைப் பலப்படுத்தும் குடிமராமத்து அவற்றுள் ஒன்று. 1858இல் சென்னை அரசு கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றியபின் அது வழக்கம் என்னும் நிலையிலிருந்து சட்டத்தின் நிர்ப்பந்தமாக மாறி, வரவர நலிந்தது. நாடார் வணிகர், கைமாறும் சரக்குக்கு இவ்வளவென்று தாங்களே எடுத்துவைத்துச் சேர்த்த மகமைப் பணத்தால் கல்விக்கூடமும் கோயிலும் கிணறும் உண்டாயின. 'பரஸ்பர உதவி' என்னும் நூலை 1902இல் வெளியிட்ட குரோப்போட்கின் இவற்றை அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் மகமை ஒரு சாதியாரின் ஸ்தாபனம். குடிமராமத்தில் மண்சுமந்தவர்க்கும் நீரைப் பங்கிட்டவர்க்கும் இடையே இருந்த ஏற்றத்தாழ்வை எவரும் மறைக்கமுடியாது. கிராமத்தை அரசமைப்பின் அடிப்படையாக்கக் கூடாதென்று அம்பேத்கர் 1948 நவம்பரில் வாதாடியதன் காரணம் இதுவே. மேலவளவில் 1997இல் ஊராட்சித் தலைவர் முருகேசன் வெட்டிக் கொல்லப்பட்டதும், பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் பட்டியல் சாதியார் தலைவராகாதபடி பத்தாண்டுக் காலம் ஊரே தடுத்ததும் கட்சிகளின் சூழ்ச்சியால் அல்ல. கட்சியில்லாத ஊரின் பழைய அதிகாரத்தால். அங்கே 2006இல் தேர்தலை நடத்தி முடித்தது அரசு. ஒடுக்கப்பட்டவர் கட்சியையும் வாக்குச்சீட்டையும் நாடுவது பேராசையால் அன்று. தேர்தலைப் புறக்கணித்துவந்த விடுதலைச் சிறுத்தைகள் 1999இல் தேர்தலில் இறங்கியதை, இந்தச் சரித்திரத்தை மறந்து எவரும் பழிக்க இயலாது. திருவல்லிக்கேணியிலிருந்து பெர்லின்வரை நடந்த ஆச்சார்யா, கரையில் மண்சுமந்தவரின் பக்கத்திலிருந்து ஊரைப் பார்த்திருந்தால், அவருடைய கொள்கை இன்னும் கூர்மை பெற்றிருக்கும்.

எனினும், அரசு நீதி வழங்கியது என்பதற்காகக் கட்சிக்குள் புகுந்தால் இயக்கம் வாழும் என்று ஆகிவிடாது. இடிந்தகரையை நோக்குவோம். அங்கே ஆயிரக்கணக்கானோர்மீது 124ஏ பிரிவின்கீழ் வழக்குப் பதிவாயிற்று. மீன்பிடிக்கும் பெண்டிரும் பிள்ளைகளும் நிறைந்த ஒரு கடற்கரைக் கிராமத்தார், வ. உ. சி. பெற்ற அதே குற்றப்பெயரைப் பெற்றனர். அவர்களுடைய போராட்டத்தின் பலம், மீனவர் கடலுக்குப் போகாமல் படகுகளால் முற்றுகையிட்டதிலும், பந்தலில் நாள்தோறும் பெண்கள் மாறிமாறி அமர்ந்ததிலும் இருந்தது. 2013 அக்டோபரில் முதல் உலை மின்சாரம் தந்தபின் மனம் சோர்ந்த வேளையில், கட்சி ஒன்று அவர்களை அழைத்தது. தொகுதி என்பது இடிந்தகரை அன்று. பல லட்சம் வாக்காளர் கொண்ட பெருநிலம். கடற்கரையில் பெற்ற நம்பிக்கையை உள்நாட்டுச் சாதிக் கணக்குகளுக்கும் பணபலத்துக்கும் நடுவே சில வாரங்களில் வாக்குகளாக மாற்றவேண்டியதாயிற்று. அது இயலவில்லை. அணுசக்தி பற்றிக் கட்சி தெளிவான நிலையெடுக்கவில்லை என்று கூறி, உதயகுமார் 2014 அக்டோபரிலேயே விலகினார். பின்னர் பச்சைத் தமிழகம் என்ற கட்சியைக் கண்டு, 2016இல் ராதாபுரத்தில் நின்றார். அவருடைய நேர்மையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பந்தலில் அமர்ந்திருந்த பெண்கள் எந்தத் தேர்தலிலும் நின்று தோற்றவர்கள் அல்லர். தோல்வி அவர்கள் தலையில் வந்து விழுந்தது. அவர்களிடமிருந்த பலம் வாக்கு எண்ணிக்கையால் அளக்கத்தக்கதன்று. அளந்தபின்னர், அவ்வளவுதானா என்று ஆட்சியாளர் கேட்க இடமுண்டாயிற்று.

தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் கட்சிச் சின்னம் இல்லாமலே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். சுரண்டையைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் அப்படியே. நகராட்சியாகிவிட்ட சுரண்டையில் கட்சிச் சின்னத்தோடு வார்டுத் தேர்தல். சின்னமில்லாத கிராமத்திலும் வேட்பாளர் இன்ன கட்சியென்று எல்லாருக்கும் தெரியும். ஆயினும் சட்டம் அந்த ஓரிடத்தில் கட்சியை வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது. அங்கே ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அச்சபையில் வாக்காளர் எவரும் எழுந்து பேசலாம், கணக்குக் கேட்கலாம். இயக்கத்திலே பயின்று, அடுத்து என்ன செய்வதென்று தியங்கி நிற்கும் இளைஞர் எங்கள் சீமையில் இன்றும் இருக்கின்றனர். கட்சி அலுவலகத்துக்குப் போகுமுன், அந்த ஆறு நாட்களிலும் தங்கள் ஊர்க் கிராம சபைக்குச் சென்று, குளத்துக் கணக்கையும் நூறுநாள் வேலைக் கூலிக் கணக்கையும் காலனித் தெருவாரும் கூடியிருக்கும்போது உரக்கக் கேட்கும்படி அவர்களை நான் வேண்டிக்கொள்கிறேன்.